கல் சுமந்தார் சொல்

பட்டணத்துப் பெருங் கட்டடங்கள் பலவற்றின் வாயிலருகே சலவைக்கல் ஒன்று பதித்திருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். இன்ன தேதியில் இன்ன கனவான் அடிக்கல் நாட்டினார், இன்ன தேதியில் இன்ன பிரமுகர் திறந்து வைத்தார் என்று அதிலே பொன்னெழுத்தால் பொறித்திருப்பார்கள். அடிக்கல் நாட்டிய கனவான் ஒரு கரணை சாந்தை எடுத்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சென்றவர். திறந்து வைத்த பிரமுகர் கத்தரிக்கோலால் ஒரு நாடாவை வெட்டியவர். இவ்விரு நாட்களுக்கும் இடையே ஓராண்டோ ஈராண்டோ வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கல்லும் மண்ணும் சுமந்தவர்களைப்பற்றி அந்தக் கல் வாய் திறப்பதில்லை.

நாம் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். எமது தொழிலில் ஒரு விதியுண்டு. செக்ரோலில் ஏறாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வேர்வை சிந்தியது உண்மையாயிருக்கலாம்; பார்த்த சாட்சியும் இருக்கலாம்; எனினும் ஏட்டில் கோடு விழாவிட்டால் அந்த நாள் விடியவே இல்லை என்பதுதான் கணக்கு. அந்த ஏடு இன்று கணிப்பொறிக்குள் புகுந்துகொண்ட போதிலும் விதி மாறவில்லை. சரித்திரமும் இவ்வகையான ஒரு செக்ரோல் என்றே நமக்குத் தோன்றுகிறது. யார் பெயரை ஏற்றுவது, யாரை விடுவது என்பதை எழுதுகோல் பிடித்தவனே தீர்மானிக்கிறான். ஆகவே எழுதுகோல் பிடித்தவர்களில் ஒருவராகிய நாம் இந்த விஷயத்தைப் பேசுவது தகும்.

ஆங்கிலப் பள்ளியிலே நாம் கற்ற சரித்திரப் பாடங்களில் கவர்னர்கள் மாளிகை கட்டினார்கள். பாதிரிமார் கோயில் கட்டினார்கள். இஞ்சினியர்கள் பாலம் கட்டினார்கள். செங்கல் சுட்டவன் எங்கே என்று எந்தப் பாடமும் கேட்டதில்லை. அந்தச் செங்கல் சுட்டவர்களில் பலர் நம்மவர் என்பதை நாம் பின்னரே வேறு நூல்களைத் தேடிப் படித்து அறிந்துகொண்டோம்.

சிங்கப்பூர்ச் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1819-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் துரையின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அவ்வூரில் செங்கல் சூளை வைத்தார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழும்பக் காரணமாயிருந்தார். அவர் பெயர் நிலைத்திருக்கிறது, நிலைத்திருப்பதும் நியாயமே. ஆனால் அந்தச் சூளையில் மண் மிதித்தவர், அச்சில் இட்டவர், இரவெல்லாம் நெருப்பைக் காத்தவர் ஆகியோரில் ஒருவர் பெயரேனும் நம்மிடம் உண்டா?

1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சுமத்திராவிலுள்ள பெங்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறியது. அங்கே ஆங்கிலேயர் வைத்திருந்த இந்தியக் கைதிகளை 1825-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தனர். முதற் கப்பலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தார் 80 பேர். சில நாட்கள் கழித்து வங்காளத்தார் 122 பேர் வந்தனர். அதன் பின்னர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இந்தியக் கைதிகளின் உழைப்பு அந்தத் தீவில் சதுப்பைத் தூர்த்தது, சாலை போட்டது, கட்டடங்களை எழுப்பியது. பிராஸ் பாசாவில் தங்களை அடைக்கும் சிறைச்சாலையைக்கூட அவர்களே கட்டினார்கள். 1856-இல் தொடங்கி 1862-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவர்கள் கைவேலை. 1867 முதல் 1869 வரை கட்டிய கவர்னர் மாளிகையும் அவர்கள் கைவேலையே. அதுதான் இன்று சிங்கப்பூர் ஜனாதிபதியின் இஸ்தானா.

பேராலயத்தின் வெண்சுவருக்குப் பூசிய சாந்தின் பக்குவத்தை மக்நாயர் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை வார்த்துக் குழைத்து, சுவரில் பூசி, உலர்ந்த பின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்களாம். சென்னைச் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். தென்னாட்டுக் கொத்தரின் கைப்பழக்கம் கடல் கடந்து சென்று ஒரு கிறிஸ்தவக் கோயிலின் சுவரிலே இன்றும் ஒளி வீசுகிறது. மக்நாயரின் அந்த நூல் 1899-இல் வெளியாயிற்று. கைதிகளே தமக்குக் காவலராயிருந்த கதை என்பது அதன் தலைப்பின் பொருள். சாந்தின் பக்குவம் அதில் இருக்கிறது. சாந்தைக் குழைத்தவனின் சொல் அதில் இல்லை. அவன் எந்த ஊரான், என்ன குற்றத்துக்காகக் கப்பலேறினான், முட்டையும் சர்க்கரையும் சுவருக்குப் போகத் தன் வயிற்றுக்கு என்ன போயிற்று என்பதையெல்லாம் அவனிடம் கேட்டு எழுதியவர் இல்லை. 1873-இல் சிறை கலைந்தது. தண்டனை முடியாதவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் அங்கேயே குடியேறி ஊரோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லும் அவர்களோடு போயிற்று.

இனி, காலம் கடப்பதற்குள் கேட்டதனால் தப்பிப் பிழைத்த சொல்லுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம்.

சீன தேசத்திலே குவாங்டுங் மாகாணத்தில் சாம்சுய் என்றொரு வட்டாரம் உண்டு. மூன்று நீர் என்பது அப்பெயரின் பொருள். மூன்று ஆறுகள் அங்கே கூடுகின்றன. அங்கிருந்து 1930-களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சிங்கப்பூர் வந்தனர். 1933-இல் நடைமுறைக்கு வந்த அந்நியர் சட்டம் சீன ஆண்களின் வரவுக்கு எண்ணிக்கை வரம்பு விதித்தது. பெண்களுக்கு அந்த வரம்பு 1938 வரை இல்லை. எனவே ஆண்கள் நின்ற இடத்தில் பெண்கள் வந்தார்கள். காவுதடியின் இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு மண்ணும் கல்லும் சுமந்தார்கள். சாரத்தின் பலகைப் பாதையில் ஏறி இறங்கினார்கள். சீனர் வட்டாரத்துக் கடைவீடுகளின் மேன்மாடியில் சிற்றறைகளை வாடகைக்குப் பிடித்துச் சேர்ந்து வாழ்ந்தார்கள். கூலியில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள்.

1979-இல் சிங்கப்பூர் அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றை நிறுவிச் சாமானியரின் வாழ்க்கையையும் ஒலிநாடாவில் பதியத் தொடங்கிற்று. இப்பெண்களில் சிலர் முதுமையில் தங்கள் சொந்த மொழியிலேயே பேசினார்கள். அவர்கள் தலையில் கட்டிய சிவப்புத் துணி நாட்டின் சின்னம் போலாகிவிட்டது. 1986-இல் அவர்களைப்பற்றித் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. ஆயினும் அத்துணியைக் கட்டிய காரணம் எளிது. அது வெயிலையும் தூசியையும் தடுத்தது. மேலேயிருந்து பார்ப்பவன் கண்ணுக்குக் கீழே ஆள் நிற்பது தெரியும்படி செய்தது. அதன் மடிப்பில் காசும் தீப்பெட்டியும் வைத்துக்கொள்ள முடிந்தது. காலிலே பழைய மோட்டார் டயரை அறுத்துச் செய்த செருப்பு. உழைத்தவளைக் கேட்டால் சின்னம் கழன்று விழுகிறது. கைகால் உள்ள மனுஷி எழுந்து வருகிறாள். கட்டட வேலை செய்த சீனப் பெண்கள் எல்லாரும் சாம்சுயிலிருந்து வந்தவரல்லர் என்பதும், சாம்சுயிலிருந்து வந்தவர் எல்லாரும் கட்டட வேலைக்குப் போனவரல்லர் என்பதும் இவ்வாறு கேட்டு விசாரித்தவர்கள் நமக்குத் தெளிவாக்கிய செய்திகள்.

நம்முடைய தமிழ்ப் பெண்களும் சாந்துச் சட்டி சுமந்தவர்களே. அவர்களை யார் கேட்டோம்?

எமது தோட்டத்துக்கு அருகிலுள்ள பட்டணத்தில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார் தம் மகள் வீட்டில் இருக்கிறார். சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1960-களின் தொடக்கத்தில் அந்தத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. பதினைந்து வயதில் தாயோடு கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவர், நாற்பத்திரண்டு வயது வரை அந்த வேலையை விடவில்லை. சில மாதங்களாக ஞாயிறுதோறும் நாம் அவரிடம் சென்று பேசிக் கைப்பேசியில் பதிந்து வருகிறோம்.

முதல் இரண்டு வாரங்கள் அவர் எம்மை "ஐயா" என்றே விளித்தார். என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு ஐயா" என்பதே விடை. கணக்கு எழுதுகிறவனிடம் ஒரு தொழிலாளி எவ்வளவு சொல்லவேண்டுமோ அவ்வளவுதான் சொன்னார். கிராணி கையிலே ஏட்டைக் கண்டு பழகிய தலைமுறை அது. மூன்றாம் வாரம், நாம் கேள்வியை விட்டுவிட்டு, அவர் அரிந்துகொண்டிருந்த கீரையை வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தோம். "தம்பி, வேரைக் கிள்ளுங்க" என்றார். அன்று முதற்கொண்டே உண்மை வந்தது.

மணலையும் சிமெண்டையும் மண்வெட்டியால் புரட்டிக் கலப்பது, சும்மாட்டின்மேல் சட்டியை ஏற்றி மூன்றாம் மாடிக்கு நடப்பது, கொத்தனார் "சாந்து!" என்று கூவுமுன் கொண்டுபோய்க் கொட்டுவது என இதுவே காலை முதல் மாலை வரை அவர் வேலை. தொடக்கத்தில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி, ஆணுக்கு ஐந்து. அதே சட்டி, அதே படி, அதே தூரம். ஏன் இந்த வித்தியாசம் என்று ஒருமுறை தவுக்கேயிடம் கேட்ட பெண்ணுக்கு மறுநாள் வேலை இல்லை. சீனப் பெண்கள் சிலர் உடன் வேலை செய்தார்கள். அவர்களிடம் கண்டோன் மொழி கற்றுக்கொண்டார். அவர்கள் கொதிக்க வைத்த தேநீரையே எல்லாரும் குடித்தார்கள். மாடிப்படியில் வரிசையாக நின்று சட்டியைக் கைக்குக் கை மாற்றும்போது அங்கே ஜாதி கேட்டவர் எவருமில்லை என்கிறார். மாலையில் வீடு திரும்பிய பின்னர், பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேசும்போதுதான் கேட்டார்களாம். ஜாதி என்பது வேலைக்கு உதவாத சரக்கு என்பதை நமது சீர்திருத்த மேடைகளிற் பேசுவோர் பலர் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நாம் கேட்டதில்லை.

கைக்குழந்தையை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். சிமெண்டு மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் தூளி கட்டினாராம். குழந்தை இருமினால் சிமெண்டுத் தூளா சளியா என்று தெரியாதாம். அந்தக் குழந்தைதான் இன்று அவரைக் காப்பாற்றும் மகள்.

1970-களின் இறுதியில் நடந்த ஒன்றை மட்டும் அவர் இருமுறை சொன்னார். வடக்கேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையை விட்டு வந்து கம்பி கட்டும் வேலை செய்த ஒருவர், நான்காம் மாடிச் சாரத்தில் பலகை புரண்டு விழுந்து இறந்தார். ஒரு மணி நேரம் வேலை நின்றது. விழுந்த இடத்தில் மணலைக் கொட்டினார்கள். மறுநாள் அந்த மணலும் கலவைக்குப் போயிற்று. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1971-இல் நடைமுறைக்கு வந்துவிட்ட காலம் அது. சட்டம் இருந்தது, ஆனால் காண்டிராக்டரின் ஏட்டில் அவர் பெயர் இல்லை. ஏட்டில் இல்லாதவன் வேலை செய்யவில்லை. வேலை செய்யாதவன் வேலையில் சாகவும் இல்லை. குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அம்மனிதரின் மகள் வயதுக்கு வந்த பெண்ணாய், விசாரித்து விசாரித்து இந்த அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அவள் பணம் கேட்கவில்லை. அப்பா எந்த இடத்தில் விழுந்தார் என்று கேட்டாள். அம்மையார் அவளை அழைத்துப்போய், கடைத்தொகுதியாகிவிட்ட அந்தக் கட்டடத்தின் பின்புறம் இடப்பக்கத்து மூன்றாந் தூணைக் காட்டினார். அந்தப் பெண் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தம்பி. நான் செத்துட்டா அந்தத் தூண் யாருக்குத் தெரியும்? நீங்க எழுதிக்குங்க" என்றார். இறந்தவர் பெயரையும் ஊரையும் சொன்னார். நாம் எழுதிக்கொண்டோம். குடும்பத்தாரின் சம்மதம் பெறாமையால் இங்கே அச்சில் தரவில்லை.

இருபத்தேழு ஆண்டுகள் உழைத்த அந்த அம்மையாருக்கு ஊழியர் சேமநிதியில் ஒரு காசுகூட இல்லை. அந்நிதிச் சட்டம் 1951-இலேயே வந்துவிட்டது. காண்டிராக்டர் மாறிக்கொண்டே இருந்தார். ஒருவரும் அவர் பெயரில் பணம் கட்டவில்லை. அவர் உழைத்ததற்கு இன்றிருக்கும் ஒரே ஆதாரம் அவருடைய வாய்ச்சொல்தான்.

நமது சிறு பிராயத்தில் பாலமோ பெருங் கட்டடமோ கட்டுகிறார்களென்றால் தலை வெட்டுகிறவன் வருவான் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். பேய்க்குத் தலை கொடுத்தாலன்றித் தூண் நிற்காதாம். இது மலாயாவில் மிகப் பழைய புரளி. சிங்கப்பூர்ப் பேராலயத்தை ஒட்டியும் 19-ஆம் நூற்றாண்டிலே இத்தகைய புரளி கிளம்பி, கைதிகள் தலை தேடி அலைகிறார்கள் என்று ஜனங்கள் அஞ்சியதாகப் பழைய குறிப்புகள் உண்டு. பகுத்தறிவுள்ளவர்கள் இதைக் கேட்டு நகைப்பார்கள். ஆனால் நகைத்துவிட்டுச் சற்றுச் சிந்திக்கவும் வேண்டும். கட்டடங்கள் உயிர்ப்பலி வாங்கியது பொய்யன்று. பலி கேட்டது பேயன்று. ஒரு சாண் கைப்பிடி அடைப்புக்குச் செலவழிக்க மனமில்லாத லோபித்தனமே பலி கேட்டது. பேயை நம்பியவர்கள் பேய்க்குப் பயந்தார்கள். அந்த லோபித்தனத்துக்குப் பயப்பட ஒருவரும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

1986-ஆம் ஆண்டு மார்ச்சு 15-இல் சிங்கப்பூரில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறுமாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் இடிந்து விழுந்து 33 பேர் மாண்டனர். விசாரணையில் வெளிப்பட்ட காரணம் விசித்திரமானது. அக்கட்டடத்துக்கு வரைபடம் போட்டபோது உள்ளே வரும் ஜனங்களின் பாரத்தையும் சாமான்களின் பாரத்தையும் கணக்கிட்டார்கள். கட்டடத்தின் சொந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு சமூகமும் தன் வரலாற்றை எழுதும்போது இவ்வாறு செய்துவிடக்கூடும். வந்து போனவர்களையெல்லாம் எண்ணிவிட்டு, தன்னைத் தாங்கி நிற்கும் உழைப்பை எண்ணாமல் விட்டுவிடும்.

கோலாலம்பூர்வாசிகள் நாள்தோறும் உச்சரிக்கும் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரையே பாருங்கள். 1881-இல் தீயும் வெள்ளமும் அந்நகரைப் பாழாக்கிய பிறகு, பலகையும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுக என்று ஆணை பிறந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளின் பெயரே அவ்வட்டாரத்தின் பெயராயிற்று. நம்மவர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அந்த இடத்தில் சூளையின் பெயர் இருக்கிறது. சூளையில் வெந்தவர் பெயர் ஒன்றுகூட நம் நாவில் இல்லை.

இந்த விஷயம் பழங்கதை என்று யாரும் எண்ணிவிடலாகாது. இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உயரும் மாடிகளில் கம்பி கட்டுகிறவர்கள் வங்காளதேசத்தார், இந்தோனேசியர், மியன்மார் நாட்டார், தமிழ்நாட்டு இளைஞர்கள். 2020-இல் கொள்ளை நோய் பரவியபோது சிங்கப்பூரில் அவர்கள் நெருங்கி வாழ்ந்த விடுதிகளே பெரிதும் தாக்குண்டன; அப்பொழுதுதான் அவர்கள் எங்கே படுக்கிறார்கள், எத்தனை பேர் ஓர் அறையில் என்று ஊரார் விசாரித்தார்கள். மலேசியாவில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழல் அந்நியத் தொழிலாளர்மேல் மீண்டும் விழுந்தது 2019 ஜனவரி முதல்தான். நம் பாட்டன்மார் நின்ற சாரத்தில் இன்று நிற்பவன் வேறு மொழிக்காரனாயிருக்கலாம். அவனுடைய அச்சமும், ஊருக்கு அனுப்பும் காசைப்பற்றிய கணக்கும் நம் வீட்டுப் பழங்கணக்கே. அவனை ஏளனமாய்ப் பார்க்கும் தமிழர், நம் பாட்டன் வந்து இறங்கிய நாளில் அவனைப் பார்த்தவர்கள் எக்கண்ணால் பார்த்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய சங்கமும் நிதியும் வேண்டியதில்லை. கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. அதில் ஒலி பதியும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. பெரியவர்களிடம் சரித்திரம் சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். தங்களுக்குச் சரித்திரம் உண்டென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நடுப்பகலில் என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளையை யார் பார்த்தார்கள், கூலியில் எதற்கெல்லாம் பிடித்தார்கள், யார் விழுந்தார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள்; கொச்சை என்று எண்ணி ஏட்டுத் தமிழாக்காதீர்கள். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்தாதீர்கள். சொன்னதை அவர்கள் அனுமதியின்றி ஊருக்குப் பரப்பாதீர்கள். பெயர், ஊர், ஆண்டு, கட்டடம் ஆகிய நான்கையும் தனியே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

படித்த வாலிபர்களும் தோட்டத்துக் கிராணிமாரும் ஆசிரியர்களும் இதை முதலில் மேற்கொள்ள வேண்டும். பல்லாண்டு காலம் அவர்கள் வேலையை எண்ணிக் கோடு போட்ட கைகள் நம் கைகள். ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இன்னும் ஒருவரோ இருவரோ எஞ்சியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை யாரும் சொல்ல இயலாது. ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். எழுதுகோலை எடுப்பதற்கு முன், கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் அதில் ஒரு பிடி வாங்கிக்கொள்ளுங்கள்.